கடை மூடிய ஊரில் சாயங்காலம்

1937 அக்டோபர் 1 அன்று சேலம் மாவட்டத்தில் கள்ளுக்கடை, சாராயக்கடை எல்லாம் மூடப்பட்டன. சென்னை மாகாணத்தில் மதுவிலக்கு முதலில் வந்தது இங்கேதான். இன்றைய நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி எல்லாம் சேர்ந்த பெரிய மாவட்டம் அது. எங்கள் சேர்வராயன் மலையும் அதற்குள் அடக்கம். அப்போது மாகாணப் பிரதமர் ராஜாஜி. சேலம் நகராட்சித் தலைவராக இருந்தவர், திருச்செங்கோடு பக்கம் காந்தி ஆசிரமம் நடத்தியவர், மதுவிலக்குக்கென்றே ‘விமோசனம்’ பத்திரிகை கொண்டுவந்தவர்.

அந்தச் சட்டம் என்றாலே வருமான இழப்பையும், அதை ஈடுகட்ட 1939-இல் வந்த விற்பனை வரியையும்தான் பலரும் பேசுகிறார்கள். வேலை முடிந்த மனுஷன் சாயங்காலம் எங்கே போவான் என்று அன்றைய நிர்வாகம் யோசித்ததே, அதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். கிராமங்களில் டீக்கடை வைக்கச் சொன்னார்கள். பஜனை, நாடகம், விளையாட்டு என்று ஆட்களைக் கூட்டினார்கள். மிஞ்சிய கூலியைப் போட்டுவைக்கச் சிக்கனச் சங்கங்கள் வந்தன.

என் பாட்டி ஏற்காட்டில் காப்பிப் பழம் பறித்தவர். சம்பள நாளில் தாத்தா நேரே வீட்டுக்கு வந்தது அந்தச் சில வருஷங்கள்தான் என்பார். அப்போது வாங்கிய பித்தளைத் தவலை இன்னும் எங்கள் வீட்டில் இருக்கிறது. கழுத்தில் பாட்டியின் பெயர் வெட்டியிருக்கும். அடியில் அடகுக்கடைக்காரர் ஆணியால் கீறிய எண்கள். போர்க்காலத்தில் ஆளுநர் ஆட்சி மதுவிலக்கை நிறுத்திவைத்தது. தவலை அடகுக்குப் போனது அதற்குப் பிறகு.

ஊர் கூடித் தாங்கும் அந்த யோசனையைப் பிற்காலத்தில் குடிநோய்ச் சிகிச்சையோடு சேர்த்தவர் சாந்தி ரங்கநாதன். 1980-இல் சென்னையில் டி.டி. ரங்கநாதன் அறக்கட்டளையைத் தொடங்கினார். மருத்துவமனைக்கு வர முடியாதவர்களுக்காக 1989-இல் மஞ்சக்குடி கிராமத்தில் முகாம் போட்டார்கள். இடமும் சாப்பாடும் ஊரார் பொறுப்பு. மருந்தும் ஆலோசனையும் அறக்கட்டளையின் பொறுப்பு. வீட்டாரையும் உட்காரவைத்துப் பேசினார்கள். குடித்தவனை ஊரே ஒதுக்கிவைத்தால், சேர்த்துக்கொள்ள அவனுக்குக் கடை மட்டும்தான் மிஞ்சும்.

எங்கள் மலைக் கிராமங்களுக்கும் அப்படி முகாம்கள் வரட்டும். பள்ளிக்கூடம் இருக்கிறது, சோறாக்க நாங்கள் இருக்கிறோம். அதுவரை ஒன்று: நெடுநாள் குடித்தவரை வீட்டில் அடைத்துத் திடீரென நிறுத்தவைக்காதீர்கள், வலிப்பு வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். 14446 என்ற எண்ணில் அழைத்தால் இலவசமாக ஆலோசனை கிடைக்கும்.