மறுமொழி பெறாத மடல்

அரசியலை வகுத்துரைத்த வள்ளுவர் தூதுக்கெனத் தனியோர் அதிகாரம் அமைத்தார். வேந்தர் இருவரிடையே சொல் செல்லும் வழி அடைபடுமாயின், அதனால் அல்லலுறுவோர் வேந்தர் மட்டுமல்லர், குடிகளுமாவர். இவ்வுண்மையை 19ஆம் நூற்றாண்டில் அபிசீனிய நாட்டில் நிகழ்ந்ததொரு வரலாறு தெளிவாக்குகின்றது.

எத்தியோப்பியா எனப்படும் அந்நாட்டில் 1855ஆம் ஆண்டு முடிசூடியவர் தியோடோர் பேரரசர். சிதறிக் கிடந்த சிற்றரசுகளை ஒருகுடைக்கீழ்க் கொணர முயன்றவர் அவர். 1862ஆம் ஆண்டில் பிரித்தானியக் கொன்சல் கமரன் அவரைக் கண்டு, விக்ரோறியா மகாராணி அனுப்பிய கைத்துப்பாக்கிகள் இரண்டைப் பரிசாக அளித்தார். மனமகிழ்ந்த மன்னர் மகாராணிக்கு மடல் வரைந்தார். தம் தூதரை இலண்டனுக்கு அனுப்ப விரும்புவதாகவும், வழியைத் துருக்கியர் அடைத்து நிற்பதால் அவர்கள் பாதுகாப்பாய்ச் செல்ல மகாராணியார் உதவ வேண்டுமெனவும் அதில் வேண்டினார்.

அம்மடல் 1863ஆம் ஆண்டு பெப்ரவரியில் இலண்டனை அடைந்தது. ஆயின் அதற்கு மறுமொழி எழுதுவார் இல்லை. கமரனோ மன்னரின் பகைவரான எகிப்தியர் ஆண்ட சூடான் பகுதிக்குச் சென்று, மறுமொழியின்றி வெறுங்கையுடன் மீண்டார். மன்னரின் உள்ளத்தில் ஐயம் மூண்டது, அவமதிப்பு சினமாயிற்று. 1864ஆம் ஆண்டு ஜனவரியில் கொன்சல் விலங்கு பூட்டிச் சிறையிலிடப்பட்டார்.

அதன் பின்னரே இலண்டன் விழித்தது. மகாராணியின் மறுமொழி விரைந்து எழுதப்பெற்றது. அதனைக் கொண்டு செல்ல, ஏடனில் பணிபுரிந்த றஸாம் என்பவர் தெரிந்தெடுக்கப்பட்டார். மோசூல் நகரிற் பிறந்த அவர் கீழைநாட்டு வழக்கங்களை நன்கறிந்தவர். மசாவாத் துறைமுகத்தில் ஓராண்டுக்கு மேலாகப் பொறுமையோடு காத்திருந்து, 1866ஆம் ஆண்டு ஜனவரியில் அவர் மன்னரைக் கண்டார். மடலைப் பெற்ற மன்னர் சிறைப்பட்டோரை விடுவித்து அவர்பால் ஒப்படைத்தார். தூது வென்றதென்றே தோன்றியது.

ஆயின், ஒருமுறை முறிந்த நம்பிக்கை எளிதில் பொருந்துவதன்று. ஏப்ரல் மாதத்தில், விடைபெறும் வேளையில், தூதர் உட்பட அனைவரும் மீளவும் சிறைப்பட்டனர். கைவினைஞரையும் இயந்திரங்களையும் அனுப்புமாறு மன்னர் கேட்டார். அவற்றை மசாவா வரை அனுப்பிய பிரித்தானிய அரசு, கைதிகளை விடுவித்தாலன்றி அப்பால் அனுப்ப இயலாதென்றது. முதலில் யார் கொடுப்பது என்னும் பிணக்கில் மாதங்கள் கழிந்தன.

1867ஆம் ஆண்டில் படையெடுப்பு முடிவாயிற்று. நேப்பியர் தலைமையில் ஏறக்குறைய 13,000 போர்வீரரும் 44 யானைகளும் இந்தியாவிலிருந்து கடல் கடந்து சென்றனர். 1868ஆம் ஆண்டு ஏப்ரல் 10ஆம் நாள் மக்தலாக் கோட்டையின் அருகே நிகழ்ந்த போரில் அபிசீனியர் பல நூற்றுவர் மாண்டனர். தம் நாட்டுக் கைதிகள் பலரை அதற்கு முன்னாளிற் கொன்றிருந்த மன்னர், ஐரோப்பியரை உயிருடன் விடுவித்தார். எனினும் 13ஆம் நாள் கோட்டை தாக்கப்பட்டது. மகாராணி பரிசளித்த கைத்துப்பாக்கியாலேயே தியோடோர் தம்முயிரை மாய்த்துக்கொண்டார்.

கமரன் விடுதலை பெற்றார். ஆயின் அதற்கு ஈந்த விலை யாது? பிரித்தானியாவுக்குச் செலவு ஏறக்குறைய 90 இலட்சம் பவுண். அபிசீனியாவோ மன்னரை இழந்தது. கோவிற் செல்வங்களும் ஏட்டுச் சுவடிகளும் கொள்ளை போயின. ஏழு வயதளவினனான இளவரசன் அலெமயெகு இங்கிலாந்துக்குக் கொண்டு செல்லப்பட்டு, 1879ஆம் ஆண்டு தனது 18ஆம் வயதில் அங்கேயே இறந்து, வின்சர் மாளிகையில் அடக்கஞ் செய்யப்பட்டான். அவனுடைய எச்சங்களைத் திருப்பித் தருமாறு அவன் குடும்பத்தார் விடுத்த வேண்டுகோளை அரண்மனை 2023ஆம் ஆண்டில் ஏற்க மறுத்தது.

றஸாமின் பொறுமையிலோ திறமையிலோ குறை காண்பதற்கில்லை. அவர் ஏந்திச் சென்ற மறுமொழி காலந் தாழ்ந்தது என்பதே குறை. சிறைக்கதவு மூடிய பின் ஆயிரம் சொற்கள் செய்ய இயலாத பணியை, அது மூடுமுன் எழுதிய ஒரு மடல் செய்திருத்தல் கூடும்.