துவக்கும் அதன் வரம்பும்

காலிமுகத்திடலில் மாலைக் காற்று வாங்கும் அன்பர்களுள், தாம் நிற்கும் நிலம் ஒரு காலத்திற் பீரங்கிக்கென விடப்பட்ட வெளி என்பதை அறிந்தோர் எத்தனை பேர்? பகைவர் மறைந்து வராவண்ணம் ஒல்லாந்தர் கோட்டையின் தென்புறத்தை வெறுவெளியாக வைத்திருந்தனர். 1859 ஆம் ஆண்டிலே தேசாதிபதி சேர் ஹென்றி வார்ட் அதனை உலாவிடமாக்கி முடித்தார்; கொழும்பு மாதர் குழந்தைகளின் நலங்கருதி அதனைப் பேணுமாறு தமக்குப் பின்வருவோரைக் கேட்டுக் கல்லிலும் பொறித்து வைத்தார். மக்கள் நெருங்கி வாழுமிடத்திலிருந்து வெடி விலக வேண்டும் என்னும் நியதியை எமது நகரில் நாம் முதலிற் காண்பது இங்கேதான்.

இங்கிலாந்திலும் இவ்வாறே நிகழ்ந்தது. 1860 இல் விம்பிள்டன் வெளியிலே, தாங்கியிற் பொருத்திய றைபிளை இயக்கி விக்டோரியா மகாராணியார் முதல் வெடியைத் தீர்த்து வைத்தார். முப்பது ஆண்டுகளிற் சுற்றிலும் வீடுகள் பெருகின. தவறிய குண்டு எவர் முற்றத்தில் வீழுமோ என்ற அச்சமும் பெருகவே, 1890 இற் போட்டிகள் பிஸ்லிக்குப் பெயர்ந்தன.

கொழும்பிற் கொம்பனித்தெருவிலுள்ள றைபிள் வீதியும் மலே வீதியும், மலாயர் பெருந்தொகையாய்ச் சேவித்த பழைய இலங்கை றைபிள் படையை இன்றும் நினைவூட்டுவன. அப்படை கலைந்தபின், 1881 இலே தொண்டர் காலாட்படை தோன்றிற்று. வர்த்தகரும் எழுதுவினைஞரும் மாலையிற் படைஞராயினர். துவக்கை அன்றாடம் கையாளாதவர்க்கே ஒழுங்கு அதிகம் வேண்டும். குறிபார்த்துச் சுடும் பெரும் பயிற்சிக்குத் தியத்தலாவை போன்ற மலைப்புறங்கள் ஏற்றனவாயின. அங்கே மலையே குண்டைத் தாங்கும் சுவராகும்.

இது வீண் அச்சமன்று. .303 றைபிளின் குண்டு ஒன்றரை மைலுக்கு அப்பாலும் செல்லும். வெள்ளவத்தைச் சந்தையருகே ஒருவர் தவறிச் சுட்டால் பம்பலப்பிட்டிச் சந்தியில் நிற்பவர்க்கும் ஆபத்து. கடலை நோக்கிச் சுட்டாற் கேடில்லை என்பாரும் உளர். நீரிற் பட்ட குண்டு தெறித்துத் திசைமாறும் என்பதை அவர் அறியார். ஆகவேதான் சுடுதளத்திலே செங்கொடி பறக்கும். குறிக்குப் பின்னே மண்மேடு இருக்கும். எத்துவக்கையும் குண்டேற்றியதாகவே கொள்வர். அதன் வாய் எப்போதும் குறிப்பக்கமே நோக்கும். சுடும் கணம் வரை விரல் விசையிற் படாது. சுட்டு முடிந்ததும் அறையைத் திறந்து, வெறுமையெனக் காட்டிய பின்னரே எவரும் முன்செல்வர். சுடுதற்கு ஆணையிடுபவர் ஒருவரே. நிறுத்தென்று கூவும் உரிமையோ அங்குள்ள எல்லார்க்கும் உண்டு.

இவ்வொழுங்கு சுடுதளத்தோடு நின்றுவிட்டால் விளைவது யாது? 1915 ஆம் ஆண்டு அதனைக் காட்டிற்று. மே மாத இறுதியிற் கண்டியில் மூண்ட கலகத்திலே சோனகரின் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன, உயிர்களும் மாண்டன. கலகம் கொழும்பிலும் பரவ, யூன் 2 இல் இராணுவச் சட்டம் பிறந்தது. அதன் மறைவில், பஞ்சாபிப் படையினரோடு துவக்கேந்திய ஐரோப்பியத் தொண்டர்களும் விசாரணையின்றிப் பலரைச் சுட்டனர். நிறுத்தென்று கூவ அங்கே எவருமில்லை. கொழும்பு நகரக் காவற்படையின் கப்டன் ஹென்றி பேதிரிஸ், 26 வயது இளைஞர், இராணுவ நீதிமன்றத் தீர்ப்பின்படி யூலை 7 இல் வெலிக்கடையிற் சுட்டுக் கொல்லப்பட்டார்.

சட்டநிரூபண சபையிலே அக்குரலை எழுப்பியவர் சேர் பொன்னம்பலம் இராமநாதன். சோனகருக்கு நேர்ந்த துன்பத்தை அவர் போதியளவு பேசவில்லை என்ற குறை இன்றுமுண்டு, அது நியாயமற்றதன்று. எனினும் ஆள்வோர் கையிலிருந்த துவக்குக்குக் கணக்குக் கேட்டவர் அவரே. தம் வாதத்தை 1916 இல் இலண்டனில் நூலாகவும் வெளியிட்டார். ஆனால் இராணுவச் சட்டத்தின்கீழ்ச் செயலாற்றியோரை வழக்குகளிலிருந்து காக்கும் ஆணை 1915 இலேயே பிறந்துவிட்டது. குடிமக்களின் துவக்குகளுக்கு அனுமதிப்பத்திரம் வேண்டும் சுடுகலன் கட்டளைச் சட்டமோ அடுத்த ஆண்டு, 1916 இன் 33 ஆம் இலக்கமாக வந்தது. திருத்தங்களுடன் அது இன்றும் நடைமுறையிலுள்ளது.