எந்தத் தெரு என்று தெரிந்த கடை
உணவு விடுதிக்குள் யாரையும் தடுக்கக் கூடாது என்று 1950இல் அரசியல் சட்டத்தின் 15(2) பிரிவு சொன்னது. 1955இல் தீண்டாமைக் குற்றச் சட்டம் வந்தது. 1957இல் திருவல்லிக்கேணி முரளி கபே பலகையிலிருந்து ‘பிராமணாள்’ என்ற சொல்லை நீக்கச் சொல்லி பெரியார் போராடினார்.

பலகையே இல்லாத ஊர் டீக்கடையை என்ன செய்வது? குடும்பமாக நடத்தும் கடை. எல்லோரையும் பேர் சொல்லிக் கூப்பிடுவார்கள். எந்தத் தெரு என்பதும் தெரியும். அந்தப் பழக்கம்தான் இரட்டைக் குவளையைக் காப்பாற்றியது. நமக்குச் சிரட்டை, பிறகு தனிக் குவளை; குடித்துவிட்டுக் கழுவி வைப்பதும் நாமே. நகரத்து ஓட்டல் சர்வருக்கு நம் தெரு தெரியாது. இப்போது சில ஊர்களில் நமக்கு மட்டும் பேப்பர் கப். சுகாதாரமாம்!

களஆய்வுக்குப் போகும் தோழர்களே, கண்ணாடி கிளாஸ் யார் கைக்குப் போகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.