காலமானது: நெட்வொர்க் மோட்

செட்டிங்ஸில் 'மொபைல் நெட்வொர்க்' பக்கத்துக்குள் நாலைந்து வரிகளாகக் குடியிருந்த 'நெட்வொர்க் மோட்' காலமாகிவிட்டது. ஒரே நாளில் போன உயிரில்லை அது. ஒரு மாடலில் '2ஜி மட்டும்' என்ற வரி போயிற்று. இன்னொன்றில் '3ஜி மட்டும்' போயிற்று. வேறொன்றில் பட்டியல் மொத்தமும் போய் '5ஜி' என்ற ஒற்றைச் சுவிட்ச் மிஞ்சியது. சில போன்களில் இன்னும் மூச்சு ஓடுகிறது என்பது உண்மைதான். அடுத்த அப்டேட்டுக்குப் பிறகும் ஓடுமா என்பதற்கு உத்தரவாதம் தர ஆளில்லை.

அது பிறந்தது 3ஜியோடு. 2ஜி ஒன்றே இருந்தவரை தேர்ந்தெடுக்க எதுவும் இல்லை. நோக்கியாவின் சிம்பியன் போன்களில் 'டூயல் மோட், யுஎம்டிஎஸ், ஜிஎஸ்எம்' என்று மூன்றே வரி. பிஎஸ்என்எல் சென்னையில் 3ஜியைத் தொடங்கியது 2009 பிப்ரவரியில். தனியார் கம்பெனிகள் 2010 ஏலத்துக்குப் பிறகுதான் வந்தன. நகரத்தைத் தாண்டினால் அந்த 3ஜி மெலிந்துவிடும். போன் அதைத் தேடும், பிடிக்கும், விடும், மறுபடி தேடும். தேடித் தேடியே சார்ஜ் இறங்கும், பேச்சு பாதியில் அறுந்துவிடும். விவரம் தெரிந்தவர்கள் ஊர் எல்லையிலேயே 'ஜிஎஸ்எம்', அதாவது 2ஜி, என்று மாற்றிவிட்டு நிம்மதியாகப் பேசினார்கள். 2ஜியின் எட்ஜைக் குறிக்கும் 'இ' எழுத்து திரையின் மூலையில் எட்டிப்பார்த்தாலே எரிச்சலாகிறவர்கள் '3ஜி மட்டும்' என்று பூட்டிவைத்தார்கள். இரண்டு தரப்புக்கும் ஒரே பட்டியல் பணி செய்தது.

அதன் பொற்காலம் 2016 செப்டம்பர் 5-ஆம் தேதி ஜியோவோடு தொடங்கியது. ஜியோவுக்கு 2ஜியும் கிடையாது, 3ஜியும் கிடையாது. எல்லாமே 4ஜி. 'எல்டிஇ மட்டும்', அதாவது 4ஜி மட்டும், என்ற வரி அப்போது அவசியமாயிற்று. பல போன்களின் செட்டிங்ஸில் அந்த வரி இல்லை என்பதால், மக்கள் டயல் பேடில் *#*#4636#*#* என்று அடித்து, பொறியாளர்களுக்கென்று ஒதுக்கிய திரைக்குள் பின்வாசல் வழியாக நுழைந்தார்கள். மீடியாடெக் சிப் உள்ள போன்களுக்கு *#*#3646633#*#* என்று இன்னொரு சாவி. அதில் அலைவரிசையையே தேர்ந்தெடுக்கலாம். ஜியோவின் 4ஜி 850, 1800, 2300 மெகாஹெர்ட்ஸ் என்று மூன்று அலைவரிசைகளில் ஓடியது. 2300-ல் இடம் தாராளம், ஆனால் கான்கிரீட் சுவர் அதை எளிதில் மறித்துவிடும். 850-ல் இடம் குறைவு, சுவரைத் தாண்டி உள்ளறை வரை வரும். எந்த அறையில் எது எடுக்கும் என்று தெரிந்தவர்கள் வேண்டாததின் டிக்கை எடுத்துவிட்டுப் போய்விடுவார்கள். அவர்கள் பொறியியல் படித்திருக்க வேண்டியதில்லை. தங்கள் வீட்டில் குடியிருந்தால் போதும்.

இந்தப் பட்டியலின் இடத்தில் இப்போது வீற்றிருப்பது 'தானியங்கி'. போன் சுற்றிலும் அளந்து பார்த்து, இருப்பதில் நல்லதைப் பிடித்துத் தருகிறது என்றுதான் பலரும் நினைக்கிறோம். நடப்பது வேறு. எந்த அலைவரிசைக்கு எத்தனையாவது முன்னுரிமை என்ற பட்டியலை டவர்தான் ஒலிபரப்புகிறது. போன் சும்மா இருக்கும் நேரத்தில் அந்தப் பட்டியலைப் பார்த்துத்தான் இடம் மாறுகிறது. முன்னுரிமை கூடிய அலைவரிசை குறைந்தபட்ச அளவைத் தொட்டாலே அங்கே போய்விடும், விட்டுவந்த இடத்தில் சிக்னல் அதைவிட வலுவாக இருந்தாலும். கம்பெனிக்கு இதில் நியாயம் உண்டு. ஒரு டவரை ஆயிரம் பேர் பங்கிடும்போது கூட்டத்தைப் பிரித்து அனுப்ப ஒரு கணக்கு வேண்டும். ஆனால் இந்த வீட்டு அடுப்படியில் 5ஜி ஒரு கோடாகவும் 4ஜி நாலு கோடாகவும் வருவது அந்தக் கணக்குக்குத் தெரியாது. மாலை ஆறு மணிக்குமேல் இந்தத் தெருவில் எது திணறும், இந்த பஸ் எந்த வளைவில் எதை இழக்கும் என்பதும் தெரியாது. அங்கே இருப்பவருக்குத் தெரியும். அந்த அறிவு போனுக்குள் போக இருந்த ஒரே வழி, அந்த நாலைந்து வரிகள்.

அந்த வரிகளை எடுத்தவர்கள் சொல்லும் காரணங்களில் பொய்யில்லை. 4ஜியிலேயே பேச உதவும் வோல்ட்டி வசதி இல்லாத போனை 4ஜியில் மட்டும் பூட்டினால் அழைப்பு வராது, போகாது. அந்தப் போன்கள் பேசுவதற்கு 2ஜிக்கோ 3ஜிக்கோ இறங்கித்தான் ஆகவேண்டும். பூட்டியவர் பூட்டியதை மறந்துவிட்டு, டவரே கிடைக்கவில்லை என்று வாடிக்கையாளர் சேவையில் சண்டை போடுவார். அமெரிக்காவில் ஏடி அண்ட் டி 2022 பிப்ரவரியில் 3ஜியை மூடியது. இங்கே ஏர்டெல் அதற்கு முன்பே மூடிவிட்டது. மூடிய கடையின் பெயரைப் பட்டியலில் வைத்திருப்பதில் அர்த்தமில்லைதான். ஆனால் இதெல்லாம் எச்சரிக்கை எழுதிவைக்கவும், பட்டியலை இரண்டு பக்கம் உள்ளே தள்ளவும் காரணமாகும். அடியோடு எடுக்கக் காரணமாகாது.

அந்தப் பட்டியலின் சொந்தபந்தங்களும் இதே வழியில்தான் போயின. ஆண்ட்ராய்டு 5.0 வந்த 2014-ல், மொபைல் டேட்டாவைப் போட்டு அணைக்கும் உரிமை வெளிச் செயலிகளின் கையைவிட்டுப் போயிற்று. 2019-ல் ஆண்ட்ராய்டு 10 வைஃபைக்கும் அதையே செய்தது. 2021-ல் ஆண்ட்ராய்டு 12 வைஃபை, மொபைல் டேட்டா என்ற இரண்டு பட்டன்களையும் சேர்த்து 'இன்டர்நெட்' ஆக்கிற்று. ஒரு தட்டில் முடிந்த வேலை இரண்டு தட்டானது. ஆப்பிள் 2017-ல் ஐஓஎஸ் 11-ல் இன்னும் நூதனமாக ஒன்று செய்தது. கன்ட்ரோல் சென்டரில் வைஃபை பட்டனைத் தட்டினால் வைஃபை அணையாது, இணைப்பு மட்டும் விடுபடும். விடியற்காலை 5 மணி ஆனதும் போன் மறுபடி தானே இணைப்பைத் தேடும்.

ஒரு வாரிசு மட்டும் செல்வாக்கோடு இருக்கிறது, 2ஜியை அணைக்கும் சுவிட்ச். 2ஜியில் போன்தான் டவரிடம் தன்னை நிரூபிக்க வேண்டும். டவர் தன்னைப் போனிடம் நிரூபிக்க வேண்டியதில்லை. அதனால் போலி டவர் வைத்து ஏமாற்றுவது சுலபம். இதைத் தடுக்கத்தான் கூகுள் ஆண்ட்ராய்டு 12-ல் அந்தச் சுவிட்சைக் கொடுத்தது. ஆப்பிளின் லாக்டவுன் மோடும் ஐஓஎஸ் 17-லிருந்து 2ஜியை அணைக்கிறது. தானியங்கி எப்போதும் நல்லதையே பிடிக்கும் என்று அவர்களே நம்பவில்லை என்பது இதில் தெரிகிறது. 2ஜி வேண்டாம் என்று சொல்லும் அளவுக்குப் போன் வைத்திருப்பவருக்கு விவரம் உண்டு என்றால், இந்த அறையில் 4ஜி போதும் என்று சொல்லவும் அவருக்கு விவரம் உண்டு.

இப்போது நம்மிடம் மிஞ்சியிருக்கும் வைத்தியம் ஏரோபிளேன் மோடைப் போட்டு எடுப்பது. போன் எல்லாவற்றையும் விட்டுவிட்டு முதலிலிருந்து தேடும். நாம் நினைத்தது அகப்பட்டால் அதிர்ஷ்டம், இல்லாவிட்டால் இன்னொரு தடவை.

மோடத்துக்குள் அந்தக் கட்டளைகள் இன்றும் அப்படியேதான் இருக்கின்றன. திரையில் இருந்த வரிகளைத்தான் எடுத்திருக்கிறார்கள். அதனால் இந்தச் சாவுக்கு மட்டும் ஒரு சலுகை உண்டு: ஓர் அப்டேட் போட்டால் செத்தது எழுந்துவிடும். அப்படி நடந்தும் இருக்கிறது. 2008-ல் ஐபோன் 3ஜியில் இருந்த 3ஜி சுவிட்ச், 2011-ல் 4எஸ் வந்தபோது காணாமல் போயிருந்தது. 2012 மார்ச்சில் ஐஓஎஸ் 5.1 அதைத் திருப்பிக் கொண்டுவந்தது. ஒருமுறை முடிந்தது இன்னொருமுறையும் முடியும். முடியாது என்றால், யாருக்கு மனமில்லை என்பதையாவது அவர்கள் சொல்லட்டும்.