இனிஷியல் போன தூரம்

குழந்தைக்குப் பெயர் தேடும் வீட்டில் ஜோசியர் சொன்ன எழுத்து, குலதெய்வம், தாத்தா பெயர், தூய தமிழ்ப் பெயர் என்று எல்லாவற்றுக்கும் சண்டை நடக்கும். பெயருக்கு முன்னால் நிற்கப்போகும் ஒற்றை எழுத்துக்கு மட்டும் சண்டையே கிடையாது. அது அப்பாவுடையது, பேச்சு முடிந்தது. ஆனால் பிள்ளையை அதிகம் அலைக்கழிப்பது அந்த இனிஷியல்தான்.

வெள்ளைக்காரர் காலத்துப் பள்ளிப் பதிவேட்டிலும் அலுவலகக் காகிதத்திலும் அது வேர் பிடித்தபோது, அப்பாவுக்கு மட்டும் என்று எழுதிக்கொடுத்திருக்கவில்லை. உ.வே.சாமிநாதையரின் 'உ' உத்தமதானபுரம் என்கிற ஊர். 'வே' அப்பா வேங்கடசுப்பையர். சி.வி.ராமன் கதை இன்னும் வேடிக்கை. 'சி' அப்பா சந்திரசேகரர். 'வி' அவருடைய சொந்தப் பெயரின் முன்பாதி! வேங்கடராமன் இரண்டாகி, ஒரு பாதி எழுத்தாகச் சுருங்க, மறுபாதி 1930இல் நோபல் வாங்கியது.

1929இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டங்களை விடச் சொல்லித் தீர்மானம் போட்டது. ஈ.வெ.ராமசாமியும் தம் 'நாயக்கரை' உதறியிருந்தார். ஈரோடும் வெங்கடப்பரும் மட்டும் முன்னால் நின்றார்கள். அந்த எழுத்தைப் பார்த்து யாரும் சாதி கண்டுபிடிக்க முடியாது. இந்த ஒரு காரணத்துக்காகவே அதன்மேல் எனக்கு மரியாதை.

கடல் தாண்டியதும் அதன் பாடு மாறியது. மலேசியாவில் 'இன்னாரின் மகன்' என்பதற்கான மலாய்ச் சுருக்கம் 'ஏ/எல்' பெயருக்கு நடுவே புகுந்தது, சிங்கப்பூரில் 'எஸ்/ஓ'. சதுரங்க உலகமோ விஸ்வநாதன் ஆனந்தை 'விஷி' என்று செல்லமாகக் கூப்பிடுகிறது. கூப்பிடுவது அவர் அப்பாவை!

பெரிய சிக்கல் பாஸ்போர்ட்டில். அங்கே இனிஷியல் செல்லாது, விரித்து எழுத வேண்டும். குடும்பப் பெயர்க் கட்டத்தைக் காலியாக விட்டால், 2022 நவம்பரில் ஒற்றைப் பெயர்க்காரர்களுக்கு ஐக்கிய அரபு அமீரகம் சுற்றுலா விசாவில் அனுமதி மறுத்ததுபோல ஆகும். சரி, அப்பா பெயரை அங்கே போட்டு, முத்துவின் மகன் கதிரேசன் அமெரிக்கா போகிறார் என்று வையுங்கள். அங்கே அவர் மிஸ்டர் முத்து. மகள் பிறக்கிறாள். நம் வழக்கப்படி அவளுக்குக் 'கதிரேசன்' என்று போட்டால் அப்பாவுக்கும் மகளுக்கும் கடைசிப் பெயர் வேறு. பள்ளியிலும் விமான நிலையத்திலும் விளக்கம் சொல்லியே மாளாது. அந்த ஊர் வழக்கப்படி 'முத்து' என்று போட்டால், அமெரிக்காவைப் பார்த்தே இராத தாத்தா கொள்ளுப்பேரன் வரைக்கும் குடும்பப் பெயராக உறைந்துபோவார். தலைமுறைக்குத் தலைமுறை மாறிவந்த எழுத்து ஒரே படிவத்தில் நின்றுவிடுகிறது. பலர் இரண்டாவதைத்தான் எடுக்கிறார்கள். அலுப்பில் எடுக்கிற முடிவு அது, ரசனையில் எடுப்பதல்ல.

இங்கே 2021 டிசம்பரில் தமிழக அரசு இனிஷியலையும் தமிழிலேயே எழுதச் சொன்னது. 'K' 'க'வானது, ஆனால் கல்யாணமானதும் பெண் அந்த எழுத்தைக் கணவருக்காக மாற்றிக்கொள்வது இன்னும் பல வீடுகளில் நடக்கிறது. அம்மா எழுத்தையும் சேர்த்து இரண்டு எழுத்து வைக்கும் இளம் பெற்றோர் இப்போது கண்ணில் படுகிறார்கள். எனக்குப் பிடித்த ஏற்பாடு அதுதான். பெயருக்கு மாதக்கணக்கில் யோசிக்கிறவர்கள் பிறப்புச் சான்றிதழ் வாங்குமுன் இதற்கும் ஒரு சாயங்காலம் ஒதுக்குங்கள்.