கானகத்தில் ஓர் இரவு

கார்த்திகை முதல் நாள் விடியற்காலையில் மட்டாஞ்சேரித் தெருக்களில் நடப்பவர் ஒரு காட்சியைத் தவறாது காண்பர். மிளகும் சுக்கும் மணக்கும் பழைய பண்டகசாலைகளின் ஓரமாக, ஈர வேட்டியும் கழுத்தில் துளசிமணி மாலையுமாகத் தமிழர் சிலர் சரணம் விளித்துச் செல்வர். கடைகளில் கணக்கெழுதுவோர், சுமை தூக்குவோர், சமையல் தொழிலாளர், கோட்டைக் கொச்சியில் வேலி மைதானத்தை அடுத்துத் தலைமுறை தலைமுறையாகச் சலவைத் தொழில் புரியும் குடும்பத்தார் எனப் பலதரப்பட்டவரும் அக்கூட்டத்தில் இருப்பர். மும்பையிலும் பெங்களூரிலும் கொல்கத்தாவிலும் வாழும் நம்மவரும் அதே நாளில் அதே மாலையை அணிகின்றனர். ஆயினும் மட்டாஞ்சேரித் தமிழருக்குச் சபரிமலை அடுத்த வீட்டுக்காரர் போல. காலையில் வண்டியேறினால் அன்றே நிலக்கல்லை அடைந்துவிடலாம்.

இவர்களுடைய பாட்டனார் சென்ற வழி வேறு. வேம்பநாட்டுக் காயலில் படகேறிக் கோட்டயத்தில் இறங்கி, காஞ்சிரப்பள்ளி வழியாக எருமேலியை அடைந்து, அங்கிருந்து காட்டுக்குள் நடந்தனர். எருமேலிக்கும் பம்பைக்கும் இடையே 25 மைலுக்கு மேற்பட்ட மலைவழி. இடையில் ஓரிரவோ ஈரிரவோ காட்டிலேயே கழிந்தது. அந்த நிலம் அரசாங்கத்தின் நிலம். ஆயினும் அங்கே படுத்துறங்க அவர்கள் யாருக்கும் காசு கொடுக்கவில்லை. யாரிடமும் சீட்டுப் பெறவில்லை. அந்த உரிமை எங்கிருந்து வந்தது, இன்று அது எந்த நிலையில் இருக்கிறது என்பதைச் சிறிது ஆராய்வோம்.

மேற்குத் தொடர்ச்சி மலைக் காட்டில் முதன்முதலாக இரவு தங்கியவர் யாத்திரிகர் அல்லர். பம்பையாற்றின் மேற்பகுதிக் காடுகளில் மலைப்பண்டாரம் என்னும் குடியினர் இலைக் குடிலமைத்து, சில நாள் தங்கி, தேனும் குங்கிலியமும் சேகரித்து வேறிடம் பெயர்ந்து வாழ்ந்தவர்கள். அவர்களைப் பற்றி 1982இல் நூல் வெளியிட்ட மானிடவியலறிஞர் பிரயன் மோரிஸ், 'வனவணிகர்' என்றே அந்நூலுக்குப் பெயரிட்டார். வணிகர் என்று அழைத்தது பொருத்தமே. காட்டுப் பொருள்கள் கைமாறிக் கைமாறி மலையிறங்கி, ஆறு வழியாகக் காயலை அடைந்து, கடற்கரைச் சந்தைகளுக்கு வந்தன. மட்டாஞ்சேரியில் மலைச்சரக்கு என்ற சொல்லுக்கு இருந்த மதிப்பு இத்தகைய மக்களின் கால்நடையால் விளைந்தது.

அவர்களை அடுத்து வந்தவர் பொதிமாட்டு வணிகர். கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து அரிசியும் பருப்பும் ஏற்றிக்கொண்டு மலை ஏறியவர்கள், திரும்பும்போது மிளகும் ஏலமும் கொணர்ந்தனர். அவர்கள் இரவு தங்கிய இடத்திற்குத் தாவளம் என்று பெயர். தங்குமிடம் என்ற பொருளில் தமிழிலும் மலையாளத்திலும் வழங்கிய சொல் இது. அட்டப்பாடியில் இன்றும் தாவளம் என்றே ஓர் ஊர் உண்டு. நீருக்கு அருகே மேடான இடம் பார்த்து, பொதிகளை இறக்கி அடுக்கி, மாடுகளைச் சேர்த்துக் கட்டி, புலியும் யானையும் அணுகாதபடி தீ வளர்த்துப் படுப்பது தாவளத்தின் முறை. விடிந்ததும் பொதியேற்றிச் சென்றால் அங்கே எஞ்சுவது சாம்பலும் சாணமுமே.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் காட்டைப் பற்றிய அரசுகளின் எண்ணம் மாறியது. காடு என்பது மரக் கருவூலம் என்றாயிற்று. திருவிதாங்கூர் அரசு எல்லைக்கல் நட்டுக் காடுகளைச் சட்டத்தால் ஒதுக்கியது. கொச்சி அரசு பறம்பிக்குளத்துத் தேக்கை இறக்கச் சாலக்குடி வரை டிராம் பாதையே அமைத்தது. 1963இல் மூடப்பட்ட அப்பாதை ஒரு தனிப் பேச்சுக்குரியது. ஒதுக்கப்பட்ட காட்டில் உத்தரவின்றி மரம் வெட்டுவதும் தீ மூட்டுவதும் குற்றமாயின. கேரளம் உருவான பின் இயற்றப்பட்ட 1961ஆம் ஆண்டு வனச் சட்டமும் இதையே உறுதி செய்தது.

இவ்வளவு கட்டுப்பாட்டுக்கும் நடுவே ஐயப்ப யாத்திரிகர் மட்டும் ஆண்டுதோறும் காட்டுக்குள் சென்று, தீ மூட்டி, சமைத்து, உறங்கி வந்தனர். சட்டத்திற்கு முந்திய வழக்கத்தைச் சட்டம் தடுக்கவில்லை. நாடாள்வோர் பெருந்தன்மை என்று சிலர் இதனைப் புகழ்வர். எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. அந்த யாத்திரிகர் காட்டில் நடந்துகொண்ட முறையே அவர்களுக்கு அனுமதிச் சீட்டாக இருந்தது என்பது என் கருத்து.

அந்த முறையைப் பார்ப்போம். இருமுடி என்பது இரண்டு பைகள். முன்முடியில் நெய்த்தேங்காய் முதலிய வழிபாட்டுப் பொருள்கள். அவை ஆண்டவனுக்கு உரியவை. பின்முடியில் அரிசியும் பருப்பும் உப்பும் புளியும். அவை வழி நடப்பவனுக்கு உரியவை. காட்டில் எதையும் விலைக்கு வாங்க இயலாது என்று கணக்கிட்டுக் கட்டிய மூட்டை அது. இன்றும் முடி நிறைக்கும்போது பின்முடியில் ஒரு பிடி அரிசி இடப்படுகிறது. ஆனால் அது எதற்காக என்று கேட்டால், கன்னிச்சாமிமாரில் பலர் விழிப்பர்.

எருமேலியில் பேட்டை துள்ளி, வாவர் பள்ளியை வலம் வந்து, பேரூர்த்தோட்டைக் கடந்தால் காடு தொடங்கும். காளைகட்டியை அடுத்து அழுதா ஆறு. அதில் மூழ்கி எடுத்த கூழாங்கல்லைக் கல்லிடுங்குன்றில் எறிந்துவிட்டு ஏற வேண்டும். பின்னர் இஞ்சிப்பாறை, முக்குழி, கரியிலந்தோடு என்று வழி நீண்டு, கரிமலையின் செங்குத்தில் மூச்சை வாங்கிவிடும். கரிமலை இறங்கினால் வலியானவட்டம், சிறியானவட்டம் என்னும் தாழ்ந்த வெளிகள். யானைகள் வந்து திரியும் இடம் என்பதைப் பெயரே சொல்லும். அதற்கப்பால் பம்பை.

பொழுது சாய்வதற்குள் குருசாமி இடம் தேர்வார். நீர் எட்டும் தொலைவில் இருக்க வேண்டும். ஆனால் யானை நீருக்கு இறங்கும் தடத்தில் இருத்தலாகாது. அந்தத் தடத்தை அறிந்தவரே குருசாமி. பதினெட்டு ஆண்டு மலையேறியவர் என்ற மதிப்பு வெறும் பக்திக் கணக்கு அன்று. இடத்தைப் பெருக்கி, ஈற்றையும் தழையும் சாய்த்து மறைப்புக் கட்டி, தரையில் துணி விரிப்பர். இதுவே 'விரி'. விரிப்பதனால் விரி, இதைவிட எளிய பெயர் ஒரு வீட்டுக்கு இருக்க முடியாது. நடுவே விழுந்த கட்டைகளை அடுக்கி மூட்டும் பெருந்தீக்கு ஆழி என்று பெயர். அதைச் சுற்றிச் சரணம் விளிப்பது வழிபாடுதான், அதுவே காவலுமாகும். ஆழியின் வெளிச்சத்தைக் கடந்து எவரும் தனியே போகலாகாது என்பது குருசாமியின் ஆணை. முறை வைத்து ஒருவர் விழித்திருப்பர். மளிகை முதலாளியும் அவருடைய சுமையாளும் அந்த ஓரிரவு ஒரே தரையில் படுத்தனர். இருவரும் 'சாமி' என்றே அழைக்கப்பட்டனர். பொதிமாட்டுக்காரன் தாவளமும் இந்த விரியும் உடன்பிறப்புகள் என்பதை விளக்க வேண்டுவதில்லை.

கூட்டம் சிறிதாக இருந்தவரை காடு இதனைத் தாங்கிற்று. 1950இல் கோயில் தீக்கிரையானது. 1951இல் புதிய ஐம்பொன் திருவுருவம் பிரதிட்டை செய்யப்பட்டது. அதற்கு முன் அத்திருவுருவம், சென்னை மாகாண முன்னாள் முதலமைச்சர் பி. டி. இராஜன் முயற்சியால் தமிழ்நாட்டு ஊர்களில் பவனி வந்தது. நவாப் இராஜமாணிக்கம் குழுவினரின் ஐயப்பன் நாடகமும் ஊர் ஊராகச் சென்றது. தமிழகத்துச் சிற்றூர்களிலும் மாலை அணியும் வழக்கம் பரவலாயிற்று. பின்வந்த ஆண்டுகளில் சாலக்காயம் வழியாகப் பம்பைக்கு வண்டிச்சாலை வந்தது. ஆயிரங்கள் இலட்சங்களாயின. காட்டு வழியில் நடப்போர் மொத்தக் கூட்டத்தில் ஒரு சிறு பங்கே என்றாலும், அச்சிறு பங்கே பழைய மொத்தத்தை விஞ்சியது.

அப்போதுதான் விரியின் தன்மை மாறியது. யாத்திரிகர் தாமே கட்டிக்கொண்ட மறைப்பு போய், வெளியார் வந்து நீண்ட கொட்டகைகள் கட்டி, இடத்தை வாடகைக்கு விட்டனர். ஓர் இரவுக்குச் சாய்த்த பத்து ஈற்றைக்கோல் வேறு. ஒரு பருவத்துக்கு வெட்டிச் சாய்த்த ஈற்றைக்காடு வேறு. விறகுக்காகப் பச்சை மரங்கள் விழுந்தன. பம்பை நீர் கெட்டது. இதற்கிடையே அந்தக் காடு பெரியாறு சரணாலயத்தின் பகுதியாகி, 1978இல் புலிகள் காப்பகமும் ஆயிற்று. 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி சரணாலயத்தில் நுழையவே அனுமதி தேவை.

முற்றிலும் மூடிவிடாமல் ஒரு நடுவழி காணப்பட்டது பாராட்டுக்குரியது. 1990களின் பிற்பகுதியில் பெரியாற்றில் நடந்த சூழல் மேம்பாட்டுத் திட்டத்தின்கீழ், காட்டோரத்து மக்களைக் கொண்டே குழுக்கள் அமைக்கப்பட்டன. யாத்திரை வழியில் கடையும் விரியும் நடத்தும் பொறுப்பு அவர்களிடம் வந்தது. காட்டைக் காப்பதில் தமக்குப் பயனுண்டு என்று அறிந்தவர்கள் ஆதலின் வெட்டும் கை குறைந்தது. ஆனால் விரிக்கு விலை என்பது நிலைத்துவிட்டது.

உயிரிழப்புகளும் கட்டுப்பாட்டை இறுக்கின. 1999 ஜனவரி 14 அன்று பம்பைக் குன்றில் மகரவிளக்குக் காணக் கூடியிருந்தோரில் ஐம்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். 2011இல் அதே ஜனவரி 14 அன்று, வண்டிப்பெரியாற்றுப் பக்கத்துப் புல்மேட்டில் நூற்றுக்கு மேற்பட்டோர் நெரிசலில் இறந்தனர். தமிழகத்துக் குடும்பங்கள் பல அன்று துயரில் மூழ்கின. புல்மேட்டுக்குப் போகும் வழியில் சத்திரம் என்றோர் ஊர் இருப்பதை நினைக்கும்போது மனம் கனக்கிறது. வழிப்போக்கருக்கு நிழல் தந்த ஒரு காலத்தின் பெயர் அது. இன்று கானகப் பாதையில் பொழுது சாய்ந்த பின் நடக்க இயலாது. குறித்த இடங்களிலேயே இரவு தங்க வேண்டும்.

இது நம் நாட்டுக்கு மட்டும் நேர்ந்ததன்று. ஸ்காட்லாந்தில் 2003ஆம் ஆண்டுச் சட்டம், திறந்த நிலத்தில் எவரும் கூடாரமடித்துத் தங்கும் உரிமையைத் தெளிவாக வழங்கிற்று. ஆனால் லோமாண்ட் ஏரிக்கரையில் கூட்டமும் குப்பையும் பெருகவே, 2017 முதல் அங்கே சில பகுதிகளில், பருவ மாதங்களில் மட்டும், அனுமதி பெற வேண்டும் என்று விதி வந்தது. எனினும் அங்கே மற்ற இடங்களில் உரிமை எழுத்தில் நிற்கிறது. நம்முடைய விரி வழக்கத்தில் மட்டும் நின்றது. வழக்கம் தேயும்போது அதற்கு வாதாட ஏடு ஒன்றுமில்லை. தேய்வதன் இழப்பு யாருக்கு? அறை எடுக்க வசதியுள்ளவருக்கு இழப்பில்லை. பின்முடியின் அரிசியை நம்பி நடந்த மட்டாஞ்சேரிச் சுமையாளுக்கே இழப்பு. கட்டுப்பாடு தேவை என்பதில் எனக்கு ஐயமில்லை. குறித்த இடம், குறித்த நேரம், விறகுக்குத் தடை எல்லாம் இருக்கட்டும். அந்தக் குறித்த இடத்தில் ஒரு முழத் துணி விரிக்கும் நிலம் மட்டும் விலையின்றிக் கிடைக்குமாறு எழுதி வைப்பது அரசுக்கு அரிய காரியமன்று.

பெருந்தொற்றுக் காலத்தில் எருமேலிப் பாதை அடைக்கப்பட்டது. 2021 டிசம்பர் இறுதியில் அது மீண்டும் திறக்கப்பட்டபோது, யாத்திரிகருக்கு முன்னதாக வெட்டுக்கத்தியுடன் ஆட்கள் உள்ளே செல்ல வேண்டியிருந்தது. ஆளரவம் அற்ற அந்தக் குறுகிய காலத்திற்குள், கரிமலை வழியில் புதரும் கொடியும் தடத்தை மூடியிருந்தன. யானைகள் அவ்வழியே நடக்கப் பழகியிருந்தன.