ஓர் உடன்பாடு, எத்தனை குற்றம்? சுவாமிரத்தினம் தீர்ப்பின் மறுவாசிப்பு

சுவாமிரத்தினம் எதிர் சென்னை மாநிலம் (1957) தீர்ப்பை, குற்றச்சாட்டுகளைச் சேர்த்து விசாரிப்பது பற்றிய நடைமுறைத் தீர்ப்பாக மட்டுமே படிப்பது வழக்கமாகிவிட்டது. ஒரே குற்றத்துக்கு இருமுறை தண்டிக்கக் கூடாது என்னும் அரசியலமைப்பின் 20(2) உறுப்புக்கும் அதற்கும் தொடர்பில்லை என்பார்கள். இந்த வாசிப்பு தவறு என்றே கருதுகிறேன்.

கள்ள ரூபாய் நோட்டுகளைப் பாதி விலைக்குத் தருவதாக ஆசை காட்டிப் பொதுமக்களிடம் பணம் பறித்த கும்பலின் வழக்கு அது. 1945 முதல் 1948 வரை பலர் ஏமாந்தார்கள். இடையில் கும்பலில் புதியவர்களும் சேர்ந்தார்கள். வெவ்வேறு சதிகளை ஒரே விசாரணையில் போட்டுக் கட்டிவிட்டார்கள் என்று எதிரிகள் தரப்பு வாதிட்டது. உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. நோக்கம் ஒன்றே, பொதுமக்களை ஏமாற்றுவது. ஆண்டுகள் ஓடியதாலோ, ஆட்கள் சேர்ந்ததாலோ, ஏமாற்றிய சம்பவங்கள் பெருகியதாலோ சதி பலவாக உடைந்துவிடாது என்றது.

சேர்த்து விசாரிக்கலாமா என்பதற்கு விடை சொல்லும் முன், சதி எத்தனை என்று நீதிமன்றம் எண்ண வேண்டியிருந்தது. அந்த எண்ணிக்கை நடைமுறைச் சட்டத்திலிருந்து வரவில்லை; தண்டனைச் சட்டத்தின் 120ஏ பிரிவிலிருந்து வந்தது. அங்கே குற்றம் என்பதே உடன்பாடுதான். 20(2) உறுப்பு அந்த அமர்வின் முன் எழவில்லை என்பது உண்மை. ஆனால் விசாரணையைச் சேர்க்கும்போது ஒன்றாக இருக்கும் சதி, மறுவிசாரணைக்குத் தடை கேட்கும்போது மட்டும் பலவாகிவிடுமா?

ஆகிவிட்டது. ஜார்க்கண்ட் அரசு எதிர் லாலு பிரசாத் யாதவ் வழக்கில், கால்நடைத் தீவன ஊழலைப் பற்றி 2017 மே 8 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1988 முதல் 1996 வரை பொதுச் சதி ஒன்று இருந்ததை நீதிமன்றமே சொல்கிறது. ஆனாலும் கருவூலம் வேறு, ஆண்டு வேறு, தொகை வேறு, பங்கெடுத்தவர்கள் வேறு என்பதால் தனித்தனி விசாரணை வேண்டும் என்கிறது. கையாடலைப் பொறுத்தவரை இதில் எனக்குக் கருத்து வேறுபாடு இல்லை: சாய்பாசாவில் எடுத்த பணம் வேறு, தேவ்கரில் எடுத்த பணம் வேறு. ஆனால் பொதுச் சதி ஒன்றே என்றால், சதிக்குத் தண்டனை விதிக்கும் 120பி பிரிவின்கீழ் குற்றச்சாட்டைக் கருவூலந்தோறும் மறுபடி எழுத என்ன ஆதாரம்? 1957-இல் எதிரிகள் பல என்றார்கள், அரசு ஒன்று என்றது. 2017-இல் இருவரும் இடம் மாறி நின்றார்கள். இரண்டு முறையும் அரசே வென்றது.

அமெரிக்க உச்ச நீதிமன்றம் பிரேவர்மன் வழக்கில் (1942) நேர்வழி சென்றது. கள்ளச்சாராயக் கும்பல் ஒன்றின் மீது ஏழு சதிக் குற்றச்சாட்டுகள், எட்டாண்டுத் தண்டனை. உடன்பாடு ஒன்றாக இருந்தால் அது எத்தனை சட்டங்களை மீறினாலும் சதி ஒன்றே என்று கூறி, அந்தத் தண்டனையை நீதிமன்றம் ஏற்க மறுத்தது. அன்று சதிக்கு உச்சவரம்பு இரண்டாண்டுதான். சதிக்கென இரு தனிச் சட்டப் பிரிவுகள் இருந்த அல்பர்னாஸ் வழக்கு (1981) வேறு. தீவன வழக்கில் சதிக்கென இருந்தது 120பி ஒன்றுதான்.

பெரிய சதிகாரன் தப்பிவிடுவான் என்ற அச்சத்துக்கு இடமில்லை. ஒவ்வொரு கையாடலுக்கும் அவனைத் தனியே தண்டிக்கலாம்.

2024 ஜூலை 1 முதல் 120பி இருந்த இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதாவின் 61-ஆம் பிரிவு இருக்கிறது. அங்கும் குற்றம் உடன்பாடே. ஓர் உடன்பாட்டுக்கு அப்பிரிவின்கீழ் இரண்டாவது குற்றச்சாட்டு நிற்காது.